இராசநாயகம் நேராகப் பூட்டிய சொக்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்ச் சந்திக்குக் கூப்பிடு தூரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இராசநாயகத்துக்கு ஐம்பத்தேழு வயது. இத்தனை வயதுக்குள் அவர் மூன்று முறைதான் அழுதிருக்கிறார் என்று அவருடைய மனைவி பாலேஸ்வரி சொல்வாள். தாய் கண்ணை மூடியபோது ஒருமுறை. மகள் வினோஜா பிறந்தபோது ஒருமுறை. மூன்றாவது முறை, தாய் சேய் கிளினிக்கின் வாசலில், பதினேழு தாய்மாரும் பதினெட்டுக் குழந்தைகளும் பார்த்திருக்க, ஒரு சைக்கிளின் அதிர்வுதாங்கியான பின் சொக்கைக் கையில் ஏந்திக்கொண்டு.

"அது வேர்வை" என்று இராசநாயகம் இன்றுவரை சாதிக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இராசநாயகத்திடம் ஒரு பழக்கம் உண்டு. அவர் கழற்றிப் பூட்டிய சைக்கிளில் ஓர் எழுத்தும் தலைகீழாக நிற்காது. ரயரில் அச்சடித்திருக்கும் பெயர், காற்றடிக்கும் வால்வுக்கு நேர் மேலே வந்து நிற்கவேண்டும். பெல்லில் இருக்கும் பெயர் ஓட்டுபவரைப் பார்க்கவேண்டும். சீற்றின் பின்புறத்துப் பெயர் பின்னால் வருபவரைப் பார்க்கவேண்டும். வலிகாமத்தில் எந்த மதிலில் சாத்தியிருந்தாலும், "இது இராசநாயகத்தின்ரை பூட்டு" என்று சனம் கண்டுகொள்வது இதனால்தான். சில்லு சுழலும்போது எல்லா எழுத்தும் ஒருதரம் தலைகீழாகத்தானே போய்வரும் என்று ஒருவர் கெட்டித்தனமாகக் கேட்டார். அவருக்கு அன்றைக்கு இராசநாயகம் காற்றடித்துக் கொடுக்கவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு அடியில் ஒரு சோகம் இருந்தது. அவர் ஆங்கிலம் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, ரயர்களில். தொண்ணூறுகளில், போர்க்காலத் தடையால் பெற்றோல் கண்ணில் காணாத பொருளாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், மாப்பிள்ளையும் சைக்கிளில் போனார், நோயாளியும் சைக்கிளில் போனார், பிரேதத்துக்குப் பின்னாலும் சைக்கிள்கள்தான் போயின. இருபத்தைந்து வயது இராசநாயகம் அத்தனை சைக்கிள்களுக்கும் நடுவில் குந்தியிருந்து, ரயரின் ஓரத்து எழுத்துகளை ஒவ்வொன்றாய்த் தடவித் தடவிப் பழகினார். நேராக நின்றால் வாசிப்பார். தலைகீழாக நின்றால் அந்த எழுத்துகள் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். தன்னைப் பார்த்துச் சிரித்தவற்றையெல்லாம் அன்றிலிருந்து அவர் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வருகிறார்.

இது முதல் பழக்கம். இரண்டாவது பழக்கத்தால் கஷ்டப்பட்டவள் பாலேஸ்வரி. "என்ரை பிழை" என்ற இரண்டு சொல்லை அந்த மனிதரின் வாயிலிருந்து முப்பது வருடத்தில் அவள் கேட்டதில்லை. ஒருமுறை குடும்பத்தோடு வெளிக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டபம் பூட்டிக்கிடந்தது. கல்யாணம் முதல்நாளே முடிந்துவிட்டது. பட்டு வேட்டியோடு பூட்டின கேற்றுக்கு முன்னால் நின்று இராசநாயகம் சொன்னார்:

"அவையள் அவசரப்பட்டிட்டினம்."

இப்படிப்பட்டவருடைய வாசலுக்கு விதி ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது.

பெட்டியின் சொந்தக்காரி குணலட்சுமி. அரசாங்கக் குடும்பநல மருத்துவமாது. ஊருக்கு அவ "மிஸி". இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளைத் தராசில் நிறுத்து, ஊசிக்குத் திகதி சொல்லி, ஒழுங்கைச் சந்துகளுக்குள் சைக்கிள் ஓடியே தேய்ந்தவ. ஸ்கூட்டியில் ஒருமுறை விழுந்த பிறகு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல்லொழுங்கைகள் கடைசியில் அவவுடைய நாரியை, அதாவது இடுப்பு முதுகை, பிடித்துவிட்டன. இருந்தால் எழும்ப ஏலாது, எழும்பினால் இருக்க ஏலாது. நோர்வேயில் இருக்கும் மூத்த மகன் இதைக் கேட்டுக் கலங்கி, முன்னாலும் பின்னாலும் சொக் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் எங்கே மலை என்று கேட்காதீர்கள். பெயரில் மலை வைத்திருக்கும் கீரிமலையிலேயே ஏற்றம் கிடையாது. பிள்ளையின் பாசத்துக்கு நில அமைப்புத் தெரியுமா?

இதெல்லாம் ஒரு சைக்கிளோடு நின்றிருந்தால் கதையே இல்லை. மிஸிக்கு இரண்டாவது மகன் ஒருவன் இருந்தான். நிருஷன், விவசாயப் போதனாசிரியர். அவனுடைய மோட்டார் சைக்கிள் நல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து மாதத்துக்கு முதல், உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சைக்கிளில் ஓடத் தொடங்கினான். மூன்று மாதத்தில் பதினொரு தடவை இராசநாயகத்தின் கடைக்கு முன்னால் காற்றுப் போனது. ஒவ்வொரு துளையும் ஊசி குத்தினதுபோல அவ்வளவு நேர்த்தி. ரயர் என்ற உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றிருந்த இராசநாயகம், "உன்ரை தோட்டப் பக்கம் ஒரு பொல்லாத முள்ளுக் கிடக்குது தம்பி" என்று மனம் வருந்தி ஒட்டிக் கொடுத்தார். முள் எங்கே கிடந்தது என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். உடுவிலில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் வினோஜா, பின்னேரம் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில்தான் அந்த ரயருக்குக் காற்றுப் போகும்.

விஷயம் வெளியில் வந்தது. வினோஜாவின் சாதகக் குறிப்பு மிஸியின் கைக்குப் போனது. பொருத்தம் பார்த்தாயிற்று, நல்ல பொருத்தம். ஆனாலும் மிஸி ஓம் சொல்லவில்லை. கோயில் வீதியில் பாலேஸ்வரியைக் கண்டபோது ஒளிக்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டா.

"பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்குத் தெரியும், நான் நிறுத்த பிள்ளைதானே. ஆனால் பாலேஸ், உன்ரை மனிசன் தன்ரை பிழையை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதாமே? நானும் அப்பிடி ஒரு மனிசனோடை இருபத்தாறு வருசம் குப்பை கொட்டினனான். மனிசன் செத்த பிறகுதான் வீட்டிலை சண்டை முடிஞ்சது. தேப்பன்ரை குணம் பிள்ளைக்கும் இருந்தால், என்ரை பெடியன் என்ன செய்வான்?"

பாலேஸ்வரிக்குப் பூட்டின கல்யாண மண்டபம்தான் கண்முன்னால் வந்தது. இதை வீட்டில் வந்து சொன்னபோது இராசநாயகம் கேட்டார்:

"நான் எப்ப பிழை விட்டனான், ஒத்துக்கொள்ளுறதுக்கு?"

வினோஜா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் பெட்டி வந்தது. லொறிக்குப் பின்னாலேயே நாரியில் கை ஊன்றிக்கொண்டு மிஸியும் வந்தா.

"இராசநாயகம் அண்ணை, உந்தச் சைக்கிளைப் பூட்டித் தாங்கோ. வாற வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி வீட்டை வந்து பிள்ளையின்ரை விஷயத்துக்குப் பதில் சொல்லுறன்."

"மிஸி யோசிக்காதையுங்கோ. பூட்டுறது நானெல்லோ?"

அதுதான் மிஸியின் யோசனையே என்பது அவருக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் இராசநாயகம் வேறு வேலை எடுக்கவில்லை. முன் சில்லு, ஹாண்டில், பிறேக் எல்லாம் ஒவ்வொன்றாய்த் தத்தம் இடத்தில் போய் இருந்துகொண்டன. கடைசியில் மிஞ்சியது பின் சொக். ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் தடித்த உடம்பு, அதன் முதுகில் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் குப்பி அளவில் ஒரு குப்பி ஒட்டியிருந்தது. மறுபக்கம் மினுங்குகிற மெல்லிய தண்டு. உடம்பிலே ஆறு ஆங்கில எழுத்துகள், பொன் நிறத்தில். அந்த எழுத்துகளின் அழகைப் பார்த்து, அவர் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

பெட்டிக்குள் ஒரு கடதாசியும் இருந்தது. படம் போட்டிருந்தது. படத்தில் குப்பிப் பக்கம் முன்னால், சட்டத்தின் மேல் குழாயோடு பூட்டியிருந்தது. தண்டுப் பக்கம் பின்னால், சில்லோடு சேர்ந்து அசைகிற கையில் பூட்டியிருந்தது. இராசநாயகம் அப்படியே பிடித்துப் பார்த்தார். எழுத்துகள் தலைகீழ்!

"படம் கீறினவன் மாறிக் கீறிப்போட்டான்" என்றார்.

பக்கத்தில் நின்ற வினோஜா கடதாசியை வாங்கிப் பார்த்தாள். "இல்லையப்பா. குப்பி முன்னுக்கு வரவேணும் எண்டு அம்புக்குறியும் போட்டுக் கிடக்குது."

"பிள்ளை, இவ்வளவு செலவழிச்சு எழுத்துப் போட்டவன் தலைகீழாப் பூட்டவே போட்டவன்? ரெண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே அளவு. எப்பிடியும் போகும். அப்ப எழுத்து நேரா வாற பக்கம்தானே சரி?"

இந்த நேரம் பார்த்து, குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிவரும் எமில்ராஜ் ஹோன் அடித்துக்கொண்டு வந்து நின்றான். வீட்டுக்கு மீன் கொடுக்கிற சாட்டில் கடையில் கால்மணி நேரம் பகிடி விடாமல் போகமாட்டான்.

"என்னண்ணை, ரொக்கெட்டே செய்யிறியள்?"

"சும்மா போடா. மிஸியின்ரை சைக்கிள். உது சொக். ஒழுங்கைப் பள்ளத்திலை விழேக்கை அமந்து எழும்பும்."

எமில்ராஜ் குனிந்து பார்த்தான். "அமரேக்கை உந்தக் குப்பி எங்கை போய் நிக்கும்? நாங்கள் போட்டிலை எஞ்சின் பூட்டினால், கரையிலை வைச்சு முழுக்கச் சரிச்சு, முழுக்க நிமித்திப் பாத்திட்டுத்தான் கடலிலை இறக்குவம். அங்கை போய் இடிச்சால் ஆரைக் கூப்பிடுறது? மாதாவைத்தான்."

கடதாசியில் மூன்றாவது படமும் இதைத்தான் சொன்னது. சொக்குக்குள் அடைத்திருக்கும் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, சீற்றை அடிமட்டும் அமத்தி, ஏதாவது இடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. ஆனால் அடைத்த காற்றைத் திறந்துவிடு என்று ஒரு சைக்கிள் கடைக்காரனுக்குச் சொல்லலாமா? அது சமைத்து வைத்தவளிடம் ஊற்றிவிடு என்று சொல்வதுபோல அல்லவா! இராசநாயகம் கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். சொக்கைத் திருப்பினார். குப்பி பின்னால் போனது, எழுத்து நிமிர்ந்தது. போல்ற் இரண்டும் எந்த மறுப்பும் சொல்லாமல் உள்ளே போய்விட்டன. பெட்டியில் வந்த குட்டிப் பம்பால் மிஸியின் நிறைக்கு அளவாகக் காற்றடித்து, சந்திவரைக்கும் தார் ரோட்டில் ஓடிப் பார்த்தார். பஞ்சு மெத்தை!

வெள்ளிக்கிழமை காலையில் மிஸி வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஆறு எழுத்தும் வாசிக்கலாம்.

"வடிவாய்க் கிடக்குது" என்று சொல்லி ஏறிப் போனா. போன பிறகு இராசநாயகம் வீட்டுப் பக்கம் திரும்பி, "பாலேஸ், ஒரு தேத்தண்ணி" என்றார். சம்பந்தி என்ற உரிமையில் கேட்ட முதல் தேநீர் அது.

அடுத்த நாளிலிருந்து மிஸி சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்கு முன்னால் போனா. இராசநாயகம் எழும்பி நின்றார். மிஸி தலையை மட்டும் அசைத்தா. ஞாயிறு கோயிலில் பாலேஸ்வரி பக்கத்தில் போய் நின்றபோது, "நாரி சரியில்லை" என்ற ஒரே சொல். திங்கள் வைத்தியர் வீட்டில் எண்ணெய்ப் போத்தலோடு கண்டதாகச் செய்தி. செவ்வாய், சுன்னாகத்துப் புகையிரதக் கடவையில், மிஸி தண்டவாளத்தைக் கடக்கும்போது சீற்றிலிருந்து எழும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு மெல்ல இருந்ததை இராசநாயகமே கண்டார்.

"அவவுக்குச் சம்மதமில்லை" என்று பாலேஸ்வரி மூக்கைச் சிந்தினாள். "சம்மதம் எண்டால் முகம் உப்பிடியே கிடக்கும்?"

"நாரிக்கும் முகத்துக்கும் தொடுப்பிருக்குது" என்று இராசநாயகம் சொல்லிப் பார்த்தார். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை. வினோஜா அழவில்லை. தன்னுடைய சைக்கிளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த நாளிலிருந்து நிருஷனின் ரயரில் காற்றும் போகவில்லை. தாய் பதில் சொல்லும்வரை அந்தப் பக்கம் போகாதே என்று அவனுக்குக் கட்டளை.

வியாழக்கிழமை காலை கிளினிக் நாள். கிளினிக் நடக்கும் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிறேக் கட்டை மாற்ற இராசநாயகம் போனார். வேலை முடிந்து திரும்பும்போது வேம்புக்குக் கீழே மிஸியின் சைக்கிள் நின்றது. உள்ளே குழந்தைகளின் அழுகையும், "அடுத்த ஆள் வாங்கோ" என்று மிஸியின் குரலும்.

எழுத்துகளை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் குனிந்தார். பார்த்தது வேறொன்றை. சீற்றைத் தாங்கும் குழாயில், புதுப் பெயின்ற் உரிந்து, நகக்கண் அளவில் ஒரு பிறை. குப்பியின் மூக்குக்கு நேர் எதிரே.

சுற்றிப் பார்த்துவிட்டு, சீற்றில் நெஞ்சை வைத்து, தன் முழு நிறையையும் கொடுத்து ஒரே அமத்தாய் அமத்தினார்.

டக்!

அந்தச் சத்தம் மரத்தில் இருந்த காகத்துக்குக் கேட்டதோ தெரியாது, இராசநாயகத்தின் முப்பது வருடக் கடைக்குக் கேட்டது. தார் ரோட்டில் பஞ்சு மெத்தையாக இருந்தது கல்லொழுங்கையில் என்ன செய்திருக்கும் என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும் குப்பி போய் இரும்பில் இடித்திருக்கிறது. இடித்த இடி முழுக்க நேரே போனது, அவர் மகளுக்கு மாமியாராக வரவேண்டியவவின் நாரிக்கு. ஆறு நாளாக!

சட்டைப் பையில் அந்தப் போல்ற்றுகளைக் கழற்றும் எலன்கீ இருந்தது. கிளினிக் முடிய இன்னும் நேரம் இருந்தது. பத்து நிமிடத்தில் கழற்றித் திருப்பிப் பூட்டிவிடலாம். ஆருக்கும் தெரியாது. நாளைக்கு மிஸி நாரி நோவில்லாமல் வருவா, ஓம் சொல்லுவா, எல்லாம் சுபம்.

குந்தினார். காற்றை விட்டார். முதல் போல்ற் வந்தது, இரண்டாவதும் வந்தது. சொக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தபோதுதான் அவர் தலையில் இடி விழுந்தது. ஆறு பொன் எழுத்தும் தலைகீழ். இப்படிப் பூட்டினால் மிஸி காணுவா, காண்கிற எல்லாரும் கேட்பார்கள். இராசநாயகம் பூட்டினதில் எழுத்துத் தலைகீழா? அப்படியென்றால் முதலில் பூட்டினது? முப்பது வருடமாக ஊர் முழுக்க நிமிர்த்தி வைத்த எழுத்துகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து அவரைக் காட்டிக்கொடுத்தன.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

நிமிர்ந்தார். வாசல்படியில் மிஸி. கையில் ஒரு குழந்தை. பின்னால், சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் தாய்மார், அவர்கள் இடுப்பில் குழந்தைகள்.

வாய் நிறைய ஒரு பொய் தயாராக வந்தது. கிறீஸ் பூச வந்தனான் என்று சொல்லலாம். சாமானில் குறை, நோர்வேக்காரன் ஏமாத்திப்போட்டான் என்று சொல்லலாம். ஒழுங்கையில் பிழை என்றுகூடச் சொல்லலாம், பிரதேச சபை வந்து மறுக்கவா போகிறது? ஆனால் மிஸி ஒரு கையால் குழந்தையைப் பிடித்து, மறுகையை நாரியில் ஊன்றிக்கொண்டு நின்றா. அந்தக் கையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"நான் மாறிப் பூட்டிப்போட்டன், மிஸி." குரல் அவருடையதுபோலவே இல்லை. "கடதாசியிலை சரியாத்தான் கிடந்தது. பிள்ளையும் சொன்னவள். எழுத்து நேரா வரவேணும் எண்டு நான்தான் திருப்பினனான். குப்பி போய்க் குழாயிலை இடிக்குது. என்ரை பிழை."

ஒரு குழந்தைகூட அழவில்லை.

"ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ?" என்றா மிஸி.

"என்ரை பிழை."

கண்ணிலிருந்து ஏதோ ஒன்று கன்னத்தில் இறங்கி, அவர் கையிலிருந்த சொக்கின் மேல், சரியாக மூன்றாவது எழுத்தில் விழுந்தது.

"எனக்குச் சனிக்கிழமையே தெரியும்" என்றா மிஸி. "மூத்தவன் வீடியோவிலை சைக்கிளைக் காட்டச் சொன்னவன். காட்டின உடனை, 'அம்மா, ஆர் உந்தச் சொக்கை மாறிப் பூட்டினது' எண்டு கத்தினவன். நான் சொன்னனான், சண்டிலிப்பாயிலை மாறிப் பூட்டுற ஆள் இல்லையெண்டு."

"அப்ப ஏன் மிஸி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கண்டு பிடிச்சால் வந்து சொல்லுவியளோ, இல்லாட்டி மூடி மறைப்பியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"உந்த நாரியோடை? ஆறு நாளோ?"

"எனக்கும் கொஞ்சம் பிடிவாதம் இருக்குதுதானே." மிஸியின் உதடு ஓரமாய்க் கோணியது. அது சிரிப்பு என்று புரிய இராசநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சரி சரி, அழாதையுங்கோ. பிள்ளையள் பயப்பிடப் போகுதுகள்."

"இது வேர்வை."

சொல்லி வாய் மூடவில்லை, மிஸியின் கையிலிருந்த குழந்தை வீரிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு இரட்டைப் பிள்ளைகள் இரண்டும். பதினெட்டுக் குழந்தைகளின் ஒப்பாரிக்கு நடுவில் இராசநாயகம் குப்பியை முன்னால் வைத்துச் சொக்கைப் பூட்டினார். இந்த முறை மூன்றாவது படத்தில் சொன்னபடியே, காற்றில்லாமல், சீற்றை அடிமட்டும் அமத்திப் பார்த்தார். குப்பிக்கும் குழாய்க்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. இன்னும் ஒருக்கால் அமத்தினார். எமில்ராஜின் எஞ்சினும் கடலும் ஞாபகம் வர, மூன்றாவது தரமும் அமத்தினார்.

ஆரபி என்ற இளம் தாய் பிள்ளையை ஆட்டிக்கொண்டே கிட்ட வந்து பார்த்தாள். "மாமா, எழுத்தெல்லாம் தலைகீழாக் கிடக்குது."

இராசநாயகம் எழுத்துகளைப் பார்க்காமல் சொன்னார்: "அது அப்பிடித்தான் பிள்ளை. அதுதான் சரி."

அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து மிஸிக்கே இரக்கம் வந்திருக்கவேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நடந்ததைச் சொன்னார். பாலேஸ்வரி அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னனியள் எண்டு சொன்னியள்?"

"என்ரை பிழை எண்டு."

"கிளினிக்கிலையோ? ஊர் முழுக்கப் பாக்கவோ?" பாலேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள். "முப்பது வருசமா நான் காத்துக்கொண்டிருந்தது. நான் இல்லாத நேரம் பாத்துச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறியளே!"

அவளுடைய கவலை அவளுக்கு. வினோஜாவின் கவலை வேறு. "அப்பா, மிஸி என்ன சொன்னவ? நாளைக்கு வருவாவாமோ?"

"வருவன் எண்டவ. அவ்வளவுதான். வேறை ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை."

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒழுங்கை முனையில் சைக்கிள் திரும்பியது. வீட்டில் மூன்று பேரும் யன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒழுங்கையில் ஆறு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் இராசநாயகத்தின் தோள் தானாக ஏறி இறங்கியது. மிஸி சீற்றை விட்டு எழும்பவேயில்லை. பின்னால் இன்னொரு சைக்கிளில் நிருஷன், இரண்டு ரயரிலும் நிறையக் காற்றோடு.

மிஸி கேற்றடியில் இறங்கினா. நாரியில் கை வைக்கவில்லை. அந்தக் கையில் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு இருந்தது. அதைக் கண்டதுமே பாலேஸ்வரி விசும்பத் தொடங்கிவிட்டாள்.

"பொறு பாலேஸ், நான் இன்னும் சொல்லேல்லை" என்று மிஸி உள்ளே வந்து கதிரையில் இருந்தா. ஆறுதலாக இருந்தா, நோகாமல். "குறிப்பு முந்தியே பொருந்தினதுதான். எனக்கு ஒரு சந்தேகம் கிடந்தது. நேற்று அதைக் கழட்டித் திருப்பிப் பூட்டியாச்சு. வினோஜா, இஞ்சை வா பிள்ளை. என்ரை பெடியன் ஒரு பிழை விட்டிருக்கிறான், உன்ரை அப்பாவுக்குச் சொல்லவேணுமாம்."

நிருஷன் முகம் சிவந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சட்டை ஊசியை எடுத்து இராசநாயகத்தின் கையில் வைத்தான்.

"மாமா, தோட்டத்திலை முள்ளு ஒண்டும் இல்லை. பதினொரு தரமும் நான்தான்."

இராசநாயகம் ஊசியைப் பார்த்தார். பதினொரு துளைகளும் நினைவில் வரிசையாக வந்து நின்றன. ரயரிலும் தான் ஏமாந்தாரா! கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது. இந்த முறையும் வேர்வை என்றுதான் சொன்னார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. திகதியை மூன்று பேரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் இராசநாயகம் மண்டபத்துக்கு வெளிக்கிட்டார்.

ஆனால் அதற்குள் பாலேஸ்வரிக்குப் புதுத் தொல்லை ஒன்று தொடங்கிவிட்டது. திறந்த வால்வு மூடவில்லை. பூட்டின மண்டபம் தன்னுடைய பிழை என்றார். அவளுடைய அக்கா வீட்டுக்காரரோடு கதைக்காமல் விட்டது தன்னுடைய பிழை என்றார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கறிக்கு உப்புக் கூட என்று சொன்னது, உண்மையில் தன் நாக்கின் பிழை என்றார். சாப்பிடும்போதும் சொன்னார், வேலைக்கு நடுவில் எழும்பி வந்தும் சொன்னார். "போதும், இஞ்சாருங்கோ, மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்கோ" என்று அவள் கும்பிட்டுக் கேட்கும் நிலைமை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் காலை, மிஸி கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு பெற்ற மகளைப் பார்ப்பதுபோல, கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே குடியிருந்த வினோஜாவைப் பார்க்க உள்ளே போயிருந்தா. எமில்ராஜ் ஹோன் அடித்துக்கொண்டு வந்து நின்றான். சைக்கிளைக் கண்டான். தலையை ஒரு பக்கம் சரித்தான், பிறகு மறுபக்கம் சரித்தான்.

"அண்ணை! உங்கடை கையாலை பூட்டினதோ உது? எழுத்து தலைகீழாக் கிடக்குதே!"

"ஓமடா தம்பி, வா, இதிலை இரு" என்று இராசநாயகம் ஸ்ரூலைத் துடைத்துப் போட்டார். "அதொரு பெரிய கதை. முழுக்க என்ரை பிழை."

எமில்ராஜின் மீன் பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. கதை இன்னும் சைக்கிள் பெட்டி வந்து இறங்கின இடத்துக்கே வரவில்லை.